அனலிட்டிக்ஸ் ஏபிஐக்கு எந்த லைப்ரரி? முதல்ல உங்கட ஹோஸ்டிங்கப் பாருங்க

அறுகம்பைல கெஸ்ட்ஹவுஸ் வச்சிரிக்கிற நானா ஒருத்தருக்கு வெப்சைட் செஞ்சு குடுத்தன். சீசன் தொடங்கினா போதும், விடிஞ்சா கோல் எடுப்பாரு, "தம்பி, நேத்து எந்த நாட்டாக்கள் கூட வந்து பாத்திரிக்காங்க?" நான் கல்லடில இருந்து லொக்இன் பண்ணி பார்த்து சொல்லணும். ரெண்டு கிழமை பொறுத்தன், மறுகா இத தானா மெயில்ல போற மாதிரி செஞ்சிட்டா நமக்கும் நித்திரை அவருக்கும் நிம்மதி எண்டு இறங்கினன். இறங்கினாப் பிறகுதான் தெரிஞ்சது, கூகுள் அனலிட்டிக்ஸ்ல (வெப்சைட்டுக்கு யார் வந்தாங்க எண்டு எண்ணுற சேவை) கோட்டால ரிப்போட் எடுக்க ஏபிஐ எண்ட ஒரு வாசல்தான், ஆனா அதுக்கு லைப்ரரி ஒரு கூடை நிறைய கிடக்கு. கிளையன்ட் லைப்ரரி எண்டா நம்மட கிளையன்ட்டுக்குரிய லைப்ரரி இல்ல, ஏபிஐயோட கதைக்கிற வேலைய நமக்காக செஞ்சு தாற கோட் மூட்டை, அவ்வளவுதான்.

லைப்ரரி தேடுறதுக்கு முதல் உண்மையா தேவையா எண்டு பாருங்க. ஓனருக்கு சார்ட் பார்த்தா போதும் எண்டா கூகுள்ட லுக்கர் ஸ்டூடியோல ஒரு ரிப்போட் செஞ்சு ஷேர் பண்ணிவிடுங்க, ஒரு வரி கோட் வேணாம். மட்டோமோ, பிளோசிபிள் மாதிரி வேற அனலிட்டிக்ஸ் பாவிக்கிறீங்க எண்டாலும் லைப்ரரிக்கு அலைய வேணாம், டோக்கன் (பாஸ்வேர்ட் மாதிரி ஒரு நீட்டு எழுத்து) ஒண்ட வச்சு சாதாரண எச்டிடிபி ரிக்வெஸ்ட் அனுப்பினா ஜேசன் எண்ட எழுத்து வடிவத்துல பதில் வரும். லைப்ரரியால நல்ல பலன் கூகுள் பக்கம்தான், அங்க லொக்இன் டோக்கன் எடுக்கிற சடங்கு கொஞ்சம் நீளம், அத கையால எழுதப் போனா விசர் பிடிக்கும்.

சரி கூகுள்தான் எண்டா முதல் பார்க்க வேண்டியது வயசு. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1ல சாதாரண அக்கவுண்டுகளுக்கு டேட்டா சேர்க்கிறத நிப்பாட்டிட்டு, 2024 ஜூலையோட அதுட ஏபிஐயும் போயிட்டு. ஆனா அதுக்கு எழுதின பாடமும் வீடியோவும் இன்னும் அப்படியே கிடக்கு, தேடினா முதல்ல வாறதும் அதுதான். நானும் அப்படி ஒரு பாடத்தப் பார்த்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைய துலைச்சன். கண்டுபிடிக்கிறது லேசு: உதாரணக் கோட்ல வியூ ஐடி கேக்குதா, மெட்ரிக் (எண்ணுற அளவு) பேருக்கு முன்னால ஜிஏ எண்ட எழுத்தும் முக்காற்புள்ளியும் நிக்குதா, அப்ப அது செத்த ஏபிஐ, மூடிட்டு போங்க. புதுசுல ப்ராபர்ட்டி (அனலிட்டிக்ஸ்ல உங்கட சைட்டுக்குரிய கணக்கு) எண்டு கேக்கும், ஏபிஐக்கு பேர் அனலிட்டிக்ஸ் டேட்டா ஏபிஐ. அதுட வெர்ஷன்ல பீட்டா எண்டு இரிக்கும், பயப்பட வேணாம், எல்லாரும் பாவிக்கிறது அததான்.

இப்ப நடு விசயம். கூகுளே ரெண்டு சாதி லைப்ரரி வச்சிரிக்கு. ஒண்டு கூகுள்ட எல்லா ஏபிஐக்கும் பொதுவான பெரிய மூட்டை, டிரைவ், ஜிமெயில், கேலண்டர் எல்லாம் அதுக்குள்ள. மற்றது அனலிட்டிக்ஸ் டேட்டாவுக்கு மட்டும் எண்டு செஞ்ச சின்னது. பைதன், நோட் (சேர்வர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்), பிஎச்பி மூண்டுக்குமே ரெண்டும் இரிக்கு. புதுசா தொடங்குற ஆளுக்கு நான் சொல்றது சின்னதத்தான், ரிக்வெஸ்டுக்கு எண்டு தனித்தனி கிளாஸ் இரிக்கு, பேர பிழையா அடிச்சா எடிட்டரே காட்டித் தரும். பைதன்ல அந்தப் பெரிய மூட்டைய மெயின்டனன்ஸ் மோட்ல (திருத்தம் மட்டும், புதுசா ஒண்டும் சேர்க்கிறதில்ல) வச்சிருக்கம் எண்டு கூகுளே எழுதி வச்சிரிக்கு. ஏற்கனவே நீங்க டிரைவுக்கும் ஷீட்ஸுக்கும் பெரியத பாவிச்சிட்டு இரிக்கீங்க எண்டா மட்டும் அதுலயே தொடருங்க, ஒரு ப்ராஜெக்ட்ல ரெண்டு சாதியையும் கலக்கினா பிறகு நீங்கதான் குழம்புவீங்க.

ஆனா எந்த மொழி எண்ட கேள்விக்கு பதில் உங்கட லேப்டொப்ல இல்ல, சேர்வர்லதான் இரிக்கு. நான் எனக்குத் தெரிஞ்ச பைதன்ல எழுதி முடிச்சு, வீட்டுல ஓட்டிப் பார்த்து, நாடு வாரியா ஆக்கள் கணக்கு வடிவா வருது எண்டு சந்தோசப்பட்டு மறுகா பார்த்தா நானாட ஹோஸ்டிங் வருசத்துக்கு ஒருக்கா கட்டுற மலிவான ஷேர்ட் ஹோஸ்டிங், பிஎச்பி மட்டும்தான், சேர்வருக்குள்ள போய் கட்டளை அடிக்கிற எஸ்எஸ்எச் கூட இல்ல. எழுதினதெல்லாம் ஓரமா வச்சிட்டு திரும்ப முதல்ல இருந்து. அதனால கோட் எழுத முதல் கன்ட்ரோல் பெனல் உள்ள போய் என்ன மொழி, என்ன வெர்ஷன், குரோன் ஜொப் (குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற வேலை) போடலாமா, எத்தன பைல் வரைக்கும் வைக்கலாம் எண்டு ஒரு துண்டுல எழுதிக்கொள்ளுங்க.

பைல் எண்ணிக்கை ஏன் எண்டா, பிஎச்பில அந்தப் பெரிய மூட்டைய கம்போசரால (பிஎச்பிக்கு லைப்ரரி இறக்கித் தாற கருவி) இறக்கினா வெண்டர் போல்டருக்குள்ள ஆயிரக்கணக்குல பைல் வந்து குந்தும், எப்டிபில ஏத்தப் போனா டயலொக் ரவுட்டரோட விடியும். கட்டாயம் அதுதான் வேணும் எண்டா கம்போசர் ஜேசன் பைல்ல எந்த சேர்விஸ் மட்டும் வேணும் எண்டு எழுதி, அதோட வாற கிளீனப் டாஸ்க்கையும் சேர்த்துவிட்டா மிச்சத்த அதுவே அழிச்சிடும். சின்ன லைப்ரரில வேற ஒரு பயம் வரும், ஜிஆர்பிசி (சேர்வரோட கதைக்கிற ஒரு முறை) எக்ஸ்டென்ஷன் இல்லையே எண்டு. பிஎச்பில அது கட்டாயமில்ல, இல்லாட்டி ரெஸ்ட் எண்ட சாதாரண எச்டிடிபி வழில போகும், ஆனா பிசிமேத் எண்ட கணக்கு எக்ஸ்டென்ஷன் ஒன்ல இரிக்கா எண்டு பாருங்க, பதில் ஜேசன்ல வாற நேரம் அது இல்லாம எரர் அடிக்கலாம். பைதன்லயும் ட்ரான்ஸ்போட்ட ரெஸ்ட் எண்டு மாத்தலாம். நோட்காரங்களுக்கு பெரிசா சொல்ல ஒண்டுமில்ல, பொது மூட்டைய விட்டுட்டு அனலிட்டிக்ஸ் டேட்டா எண்ட தனிப் பெக்கேஜ எடுங்க. ஆனா தயவு செஞ்சு பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்ல சேர்விஸ் அக்கவுண்ட் (மனுசனுக்கு இல்லாம கோட்டுக்கு எண்டு கூகுள் தாற அக்கவுண்ட்) கீய வைக்காதீங்க, பேஜ் சோர்ஸ் பார்க்கத் தெரிஞ்ச எந்தப் பொடியனும் எடுத்திடுவான். கீ பைல் பப்ளிக் போல்டருக்கு வெளியால இரிக்கணும்.

லைப்ரரிய எடுத்தாச்சு எண்டா முழு ரிப்போட்டுக்கு அவசரப்படாம ஒரு சின்னக் கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்க: நாடு எண்ட ஒரு டைமென்ஷன் (எத வச்சுப் பிரிக்கிற எண்டது), எக்டிவ் யூசர்ஸ் எண்ட ஒரு மெட்ரிக், தேதி நேற்று. பெர்மிஷன் இல்ல எண்டு 403 வந்தா லைப்ரரிய ஏசாதீங்க, சேர்விஸ் அக்கவுண்டுக்கு எண்டு ஒரு நீட்டு மெயில் அட்ரஸ் இரிக்கு, அத அனலிட்டிக்ஸ் ப்ராபர்ட்டில வியூவரா சேர்க்க மறந்திரிப்பீங்க. ப்ராபர்ட்டி ஐடி எண்டது வெறும் இலக்கம். வெப்சைட்ல ஒட்டுற ஜி எழுத்துல தொடங்குற ஐடி வேற, அதக் குடுத்தா வேலை செய்யாது.

இன்னொண்டு, இலக்கமெல்லாம் ஏபிஐல எழுத்தாத்தான் வரும். பைதன்ல அத இலக்கமா மாத்தாம கூடினதுல இருந்து சோர்ட் பண்ணினா 9 பேர் வந்த நாடு 12 பேர் வந்த நாட்ட முந்தி நிக்கும். சோர்ட் பண்ற வேலைய ரிக்வெஸ்ட்லயே ஏபிஐட்ட குடுத்திடுங்க.

லிமிட்டப் பத்தி கேப்பீங்க. சாதாரண ப்ராபர்ட்டிக்கு ஒரு நாளைக்கு 200,000 டோக்கன் (இது லொக்இன் டோக்கன் இல்ல, ரிக்வெஸ்டுக்கு கூகுள் கழிக்கிற கணக்கு), ஒரு மணித்தியாலத்துக்கு 40,000. நம்மட மாதிரி சின்ன ரிக்வெஸ்ட் ஒண்டுக்கு பெரும்பாலும் 10க்குள்ளதான் போகும், அதனால ஒரு கெஸ்ட்ஹவுஸுக்கு இது கடல்ல உப்பு. வெப்சைட்ட ஆக்கள் திறக்கத் திறக்க ஏபிஐய கூப்பிடுற மாதிரி எழுதினா மட்டும்தான் வில்லங்கம், குரோன்ல ஒருக்கா எடுத்து பைல்ல சேமிச்சு அதக் காட்டுங்க.

எல்லாம் சரி எண்டு மெயில் போகத் தொடங்கினாப் பிறகு நானா திரும்ப கோல். "தம்பி, செவ்வாய்க்கிழமைட கணக்கு எங்க, இது திங்கக்கிழமையது எல்லா?" பார்த்தா ப்ராபர்ட்டிட டைம்சோன் லொஸ் ஏஞ்சலிஸ்ல கிடந்திரிக்கு. இஞ்ச புதன் காலை 7 மணி எண்டா அங்க செவ்வாய் பின்னேரம் 6.30, அப்ப அதுக்கு நேற்று எண்டா திங்கள்தானே. எந்த லைப்ரரிய மாத்தினாலும் இது திருந்தாது, அட்மின் பக்கம் போய் கொழும்பு நேரத்துக்கு மாத்தினன். அதோட முடியல்ல, முடிஞ்ச நாளோட கணக்கு முழுசா படிய 24 தொடக்கம் 48 மணித்தியாலம் பிடிக்கும், அதனால மெயில்ல நேத்தைய கணக்குக்குப் பக்கத்துல முந்தநாள் கணக்கையும் திரும்ப ஒருக்கா எடுத்துப் போட்டு விட்டிரிக்கன்.