டி.எல்.பி.யை வாடகைக்கு விடும்போது செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் ஒன்றிரண்டு டி.எல்.பி. (முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள மண் வேலை மெஷின்), ஒரு டிப்பர் என்று வைத்துத் தொழில் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய வாடகைக் கம்பெனிகளுக்கு வக்கீல் உண்டு, எடுப்பவரின் கடன் வரலாற்றைப் பார்க்க ஆள் உண்டு. சின்ன முதலாளிக்கு இருப்பது ஒரு போன்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு அழைப்பு வரும்: "அண்ணே, திங்கட்கிழமை காலையில சைட்டுல மெஷின் நிக்கணும். ரெண்டு வாரத்து வேலை. காசைப் பத்திக் கவலைப்படாதீங்க." மெஷின் சும்மா நின்றாலும் வங்கித் தவணை நிற்காது. அதனால் சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றும்.

ஆளைத் தெரியும் என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் நம்மிடையே அதிகம் நடக்கும் தவறு. காவடிக்குக் கூடவே நடந்தவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், வீட்டில் சாவு விழுந்தபோது வந்து நின்றவர். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் மெஷினை எடுப்பது அவர் அல்ல, அவருடைய கம்பெனி. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான சி.ஐ.பி.சி.யில் விவரம் எடுத்துப் பாருங்கள். ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யாமல் பதிவு ரத்தாகும் நிலையில் இருக்கிறதா, இயக்குநர் அவர்தானா, மைத்துனரா என்று தெரிந்துவிடும். சி.ஐ.டி.பி. (கட்டுமான ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்யும் வாரியம்) பதிவு இருக்கிறது என்று காட்டினால் தரத்தைப் பாருங்கள். 1 முதல் 9 வரை உண்டு, 1 தான் அடிமட்டம். அந்த 1-ஆம் எண் தரத்தில் பதிவு செய்வது எளிது. அதை வைத்து அவரிடம் பணம் புரள்கிறது என்று நினைக்க முடியாது. என்னைக் கேட்டால், எல்லாக் காகிதத்தையும் விட உதவும் கேள்வி ஒன்று: "கடைசியா யார்கிட்ட மெஷின் எடுத்தீங்க?" அந்த முதலாளிக்குப் போன் போட்டால், இந்தத் தடவை ஏன் அவரிடமே போகவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கம்பெனி மூழ்கினால் உங்கள் பாக்கியும் அதோடு போகும். அதனால் இயக்குநரே தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். "நான் இருக்கேன்ல" என்ற வாய்ச்சொல் ஜாமீன் ஆகாது. ஜாமீன் எழுத்தில் இருந்து, ஜாமீன்தாரரின் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்பது 1956-லேயே போட்ட சட்டம். கையெழுத்துக் கேட்டதும் ஒருவருக்குக் கோபம் வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். பணம் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? ராத்திரியோடு ராத்திரியாக லோபெட் (மெஷின் ஏற்றும் தாழ்வான டிரெய்லர் லாரி) கொண்டுபோய், சைட் கேட்டைத் திறந்து, நம் மெஷினை நாமே ஏற்றி வந்துவிடலாம் என்று நினைப்போம். செய்யாதீர்கள். அவர் சம்மதம் இல்லாமல், கோர்ட் உத்தரவும் இல்லாமல் எடுத்து வந்தால், அவர் ஸ்பாலியேஷன் உத்தரவு (பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் உத்தரவு) கேட்டு அவசரமாகக் கோர்ட்டுக்குப் போகலாம். இந்த நாட்டுக்கு ரோமன் டச்சு சட்ட வழியில் வந்த விதி இது. மெஷின் யாருடையது என்று அந்தக் கட்டத்தில் கோர்ட் கேட்காது. அமைதியாக யார் கையில் இருந்தது, யார் பறித்தார் என்று மட்டும்தான் பார்க்கும். முதலில் திருப்பிக் கொடு, உரிமைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள் என்று சொல்லிவிடும். போலீஸுக்குப் போனால், நீங்களாகக் கொடுத்ததுதானே, இது சிவில் வழக்கு என்று அனுப்பிவிடவே வாய்ப்பு அதிகம்.

இதைவிட மோசமான நிலையும் ஒன்று உண்டு. அவருடைய கம்பெனி 2008 கம்பெனிச் சட்டப்படி பிசினஸ் ரெஸ்க்யூவுக்கு (நொடிந்த கம்பெனியைக் காப்பாற்றப் பார்க்கும் ஏற்பாடு) போய்விட்டால், அது சட்டப்படி கையில் வைத்திருக்கும் பொருளை, பொருளின் சொந்தக்காரரே ஆனாலும், நிர்வகிக்க வரும் பிராக்டிஷனர் எழுத்தில் சம்மதிக்காமல் எடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் இதுதான். எனவே வாடகை தவறியதும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, ஒப்பந்தத்தை ரத்து செய்து, மெஷினைக் கேட்டுவிட வேண்டும். ரத்தான பிறகும் வைத்திருந்தால், சட்டப்படி வைத்திருக்கிறேன் என்று அவர் வாதாடுவது கடினம். "பாவம், இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்ற இரக்கம் இங்கேதான் உங்களைக் கவிழ்க்கும்.

மாதக் கடைசியில் பில் போடுவதும் தவறுதான். முதல் வாரத்துக்கு முன்பணம், பிறகு வெள்ளிக்கு வெள்ளி கணக்கு. ஒரு வெள்ளி தவறினால் திங்கட்கிழமை ஆபரேட்டர் சாவி போடக்கூடாது. ஆபரேட்டர் உங்கள் ஆளாக இருப்பதன் பெரிய லாபம் அதுதான். "நகராட்சி இன்னும் பணம் தரலை" என்பார்கள். நகராட்சிகள் 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தாமதமும் நிஜம்தான். ஆனால் உங்கள் ஒப்பந்தம் நகராட்சியோடு இல்லையே. பாக்கி ஏறிவிட்டால் வசூலிப்பதும் சுலபமில்லை. சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டின் வரம்பு 20,000 ராண்ட். உங்கள் தொழில் கம்பெனி பெயரில் இருந்தால் அங்கே வழக்கே போட முடியாது. சாதாரணக் கடன் 3 வருடத்தில் காலாவதியாகிவிடும்.

வெட் ரேட் (டீசலோடு), டிரை ரேட் (டீசல் இல்லாமல்) என்று போனில் பேசி முடிக்காமல், டீசல் யாருடையது, ஆபரேட்டர் யாருடையவர், லோபெட் செலவு யார் தலையில், மழையில் நின்றால் என்ன கணக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் மறுவாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். எடுத்தவர் மெஷினை நிறுத்தும் யார்டு வாடகை இடம் என்றால், இது என் மெஷின் என்று இடத்துக்காரருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். வாடகைப் பாக்கிக்காக அங்கே நிற்கும் சாமான்கள் மேல் அவர் உரிமை கோரலாம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஹவர் மீட்டர், பக்கெட் பல், டயர், ஹோஸ், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்.

மெஷினை எடுப்பவருடைய ஆளே ஓட்டுவதாக இருந்தால், 2014 கட்டுமான விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்றையும் மருத்துவச் சான்றையும், அவருடைய கம்பெனியின் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்கையும் (தொழிலாளர் விபத்து இழப்பீட்டுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியிருக்கிறது என்ற சான்று) வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தூங்கவும் முடியாது. நீங்களாகக் கொடுத்த பொருளை ஒருவர் ஏமாற்றி அமுக்கிவிட்டால், பல பாலிசிகள் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொள்வதில்லை. கலவரச் சேதத்துக்கு அரசின் சஸ்ரியா இன்ஷூரன்ஸ் தனி. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலையில் 30 சதவீதம் பங்கு கேட்டு ஒரு கும்பல் வந்து சைட்டை மூடினால், மெஷின் சும்மா நிற்கும் நாட்களுக்கு வாடகை உண்டா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழில் மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். அந்த நாட்களில் சைட்டில் காவலுக்கு ஆள் இருக்காது, போனையும் எடுக்க மாட்டார்கள். பாக்கி வைத்திருப்பவரிடம் "ஜனவரியில பார்த்துக்கலாம்" என்று மெஷினை விட்டுவைக்க வேண்டாம். லோபெட்டை நவம்பரிலேயே சொல்லி வையுங்கள். மூடுகிற வாரத்தில் எல்லோரும் தேடுவார்கள், கிடைக்காது.