பனிக்காலக் காலையில் பிஎம் 2.5 எண்ணை எப்படிப் படிப்பது?

மார்கழி, தை விடியலில் ஓசூரிலோ பாலக்கோட்டிலோ வீட்டுச் சென்சாரைப் பார்த்தால் பிஎம் 2.5 எண், அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரானுக்குள் அடங்கும் நுண்துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு, எகிறி நிற்கும். பதறவும் வேண்டாம், பனிதானே என்று தள்ளிவிடவும் வேண்டாம். அதில் புகை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சென்சாரை வெந்நீர் அடுப்பு, குளியலறை ஜன்னல், டீக்கடை ஆவி படாத இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு, எண்ணைக் குறிக்கும்போதெல்லாம் ஈரப்பதத்தையும் சேர்த்தே குறியுங்கள். இது இல்லாமல் இனி சொல்லப்போகும் எதையும் செய்ய முடியாது.

விறகடுப்பிலும் கரும்புச் சோகை எரிப்பதிலும் வரும் நுண்துகள்களில் பெரும்பகுதி கரிமப் பொருள், அது ஈரத்தை இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதற்கு பெட்டர்ஸ், கிரைடன்வைஸ் என்ற இருவர் 2007இல் 'கப்பா' என்ற எண்ணைக் கொடுத்தார்கள். கரிமத் துகளுக்கு அது தோராயமாக 0.1, காற்றுத் துகளில் இருக்கும் உப்பு வகையான அம்மோனியம் சல்பேட்டுக்கு 0.6 அளவில். கணக்கு சுலபம்: ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 90ஐ மீதி 10ஆல் வகுத்தால் 9, அதைக் கப்பாவால் பெருக்கினால் 0.9, அதாவது காய்ந்த துகளின் கன அளவில் கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர் அதன்மேல் ஏறியிருக்கிறது. 50 சதவீதத்தில் இது வெறும் 0.1தான். சல்பேட்டோடு பார்த்தால் கரிமம் குறைவாகத்தான் குடிக்கிறது, ஆனால் புகை நிறைந்த காலையில் துகளில் பெரும்பங்கு அதுதானே, அதனால் விட்டுவிட முடியாது. வெயிலில் பழுத்து ஆக்ஸிஜன் ஏறிய பழைய புகை, புதுப் புகையைவிடக் கூடுதலாக இழுக்கும்.

வீட்டுச் சென்சார் லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. நீர் ஏறிப் பருத்த துகள் அதிகம் சிதறடிக்கும், எண் கூடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிலையங்களில் உள்ள பீட்டா கதிர் மானிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே அளப்பதால் அங்கே எண் குறைவாக இருக்கும்.

திருத்த, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பர்ப்பிள்ஏர் என்ற வீட்டுச் சென்சார் வகைக்குத் தந்த சூத்திரம் இருக்கிறது: எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்டுங்கள். 120 காட்டும்போது ஈரப்பதம் 90 என்றால் விடை சுமார் 61. குறைந்தது முழுவதும் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள், சென்சார் இயல்பாகவே கூட்டிக் காட்டும் பங்கும் அதில் இருக்கிறது. அமெரிக்கக் காற்றை வைத்துப் போட்ட சூத்திரம், நம் ஊருக்குத் தோராயமே. அப்படியும் 61 என்பது இந்தியாவின் 24 மணி நேர வரம்பான 60க்கு மேல், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 15க்கு நான்கு மடங்கு.

மதியம் எண் இறங்கினால் ஈரம் காய்ந்தது மட்டும் காரணமல்ல, வெயில் ஏற ஏற காற்று மேலே கலந்து புகையும் நீர்த்துப்போகும். அதனால் காலையையும் மதியத்தையும் ஒப்பிடாமல், ஒரே ஈரப்பதம் உள்ள இரண்டு காலைகளை ஒப்பிடுங்கள். சோகை எரித்த நாள், எரிக்காத நாள் என்று எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், துகளில் ஏறிய தண்ணீர் சும்மா இருப்பதில்லை. கிளையாக்ஸால் போன்ற வாயுக்கள் அதில் கரைந்து வினைபுரிந்து, நீர் காய்ந்த பிறகும் ஒரு பங்கு துகளிலேயே தங்கிவிடும். பனிமூட்டத்தில் சோகையும் குப்பையும் எரிப்பதை நான் அடியோடு வேண்டாம் என்பது இதனால்தான். சோகையை வயலிலேயே மூடாக்காகப் போடுங்கள், திருத்திய எண் 60ஐத் தாண்டும் நாளில் பெரியவர்கள் நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளட்டும்.