மூக்கில் தங்கும் கிருமி: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான தொடக்கநிலை விளக்கம்

பாக்டீரியா மூக்கிலோ தோலிலோ தொல்லை தராமல் தங்கியிருப்பதைக் குடியேற்றம் என்பார்கள். அது நோய் அல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்கில் இப்படி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் ஒரு சிறு கீறல் கிடைத்தால், சும்மா இருந்த கிருமி சீழ்க்கட்டியை உண்டாக்கிவிடலாம். அதற்கு இடம் கொடுக்காமலிருக்கத்தான் இந்தப் படிகள்.

படி 1: எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். சி.டி.4 (எதிர்ப்பாற்றல் தரும் வெள்ளையணுக்கள்) எண்ணிக்கை உயர்வதற்கு ஈடான சோப்பு எதுவும் இல்லை.

படி 2: கைகள். மூக்கிலிருக்கும் கிருமி பெரும்பாலும் விரல் வழியாகத்தான் புண்ணுக்குப் போகிறது. மூக்கைச் சிந்திய பிறகும், புண்ணுக்கு மருந்திடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டு 20 விநாடி தேயுங்கள். உள்ளங்கையை எல்லோரும் தேய்க்கிறோம். கட்டைவிரலையும் நகக்கண்ணையும் மறந்துவிடுகிறோம். விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் சுழற்றினால் நகத்தடி அழுக்கும் வரும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது இன்னும் நல்லது. மூக்கைக் குடையும் பழக்கம் யாருக்குத்தான் இல்லை? அதையும் விட்டுவிடுங்கள்.

படி 3: ரேசர், துண்டு இரண்டும் உங்களுக்கு மட்டும். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும்; ஈரத்துண்டு கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும். துண்டை மடித்து வைக்காமல் விரித்து உலர்த்துங்கள். கீறலைக் கழுவி, உலர்ந்த கட்டுப் போட்டு மூடுங்கள்.

படி 4: தொண்டையில் தங்கும், நிமோனியாவை உண்டாக்கக்கூடிய நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சி.டி.4 குறைவாக இருந்தால் தொற்று வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தரப்படலாம். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. புகைப்பழக்கம் இருந்தால் நிமோனியா ஆபத்து கூடும்.

படி 5: மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைச் சளிக்கு விழுங்காதீர்கள். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. தேவையில்லாமல் விழுங்கினால், மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் மட்டும் மிஞ்சி நிற்கும். மியூபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் மூக்குக் களிம்பும் அப்படியே. கட்டி திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மருத்துவர் அதை எழுதித் தருவதுண்டு, வழக்கமாக 5 நாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளை. எல்லோரும் வாங்கிப் பூசுவதற்கானது அல்ல.

கட்டி வந்துவிட்டால் பிதுக்காதீர்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியல் கையில் இருக்கட்டும்.