பச்சைத் துளையில் நீல முனை: ஃபைபர் கனெக்டர் சரிசெய்த என் அனுபவம்

இணைய வேகத்தில் குறை இல்லை, ஆனால் மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபர் வழியே ஒளி சரியாக வரவில்லை என்று காட்டுவது) நினைத்தபோதெல்லாம் சிவப்பாக எரியும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பார்த்தால் வந்துசேரும் ஒளி −28 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு; பூஜ்யத்துக்குக் கீழே போகப் போக ஒளி மங்கல்). ஜிபான் (வீட்டு ஃபைபர் இணையத் தொழில்நுட்பம்) கருவிகள் பொதுவாக −27க்குக் கீழே போனாலே தடுமாறும். சுவர்ப் பெட்டியைத் திறந்தேன். பச்சை அடாப்டரில் நீல முனையைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்! இரண்டுமே எஸ்சி என்ற ஒரே கனெக்டர் வடிவம் என்பதால் கச்சிதமாக உள்ளே போய் ‘க்ளிக்’ சத்தமும் வரும், அதுதான் வம்பே.

வித்தியாசம் முனையைத் தேய்த்த விதத்தில்தான். நீலம் யுபிசி, முனை கிட்டத்தட்ட நேராக, லேசான குவிவோடு இருக்கும். பச்சை ஏபிசி, 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. இரண்டும் முட்டினால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து ஒளி பல டெசிபெல் குறைந்துவிடும், முகப்பும் கீறலாம்.

என் மோடத்தில் நீலத் துளை என்பதால், ஒரு முனை பச்சை, மறுமுனை நீலம் உள்ள சிங்கிள்மோட் (இந்த இணைப்புக்கான ஃபைபர் வகை) பேட்ச் கார்டு, அதாவது இருமுனையிலும் கனெக்டர் உள்ள சிறு கேபிள், வாங்கி, முனைகளைத் துடைத்துவிட்டுச் செருகினேன். (முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.) இப்போது −22, சிவப்பு விளக்கு எரிவதில்லை.

அப்புறம், வாங்கும்போது எல்சி என்ற சிறிய கனெக்டர் உள்ளதை எடுத்துவிடாதீர்கள்: அதன் ஃபெரூல் (ஃபைபரைப் பிடித்திருக்கும் முனைக்குழல்) விட்டம் 1.25 மி.மீ., எஸ்சிக்கு 2.5.