இன்காக்னிட்டோ போட்டுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சா போச்சு

போன மாசம் அம்மாவுக்கு முட்டி வலிக்கு பெல்ட் தேடினேன், இன்காக்னிட்டோலதான் தேடினேன் (பிரவுசர்ல ஹிஸ்டரி பதியாத தனி ஜன்னல்), ஆனா கடைசியில வாங்கணுமேன்னு ஷாப்பிங் சைட்ல என் நம்பரப் போட்டு லாகின் பண்ணேன் பாருங்க, அவ்ளோதான். அடுத்த ஒரு வாரம் சமையல் குறிப்பு படிக்கப் போனாலும் முட்டி பெல்ட், கிரிக்கெட் ஸ்கோர் பாக்கப் போனாலும் முட்டி பெல்ட். எனக்கு வயசு 34ங்க.

நெறைய பேர் பண்ற தப்பு இதான். இன்காக்னிட்டோ உங்க போன எடுத்துப் பாக்குற வீட்டு ஆளுங்ககிட்ட இருந்துதான் மறைக்கும், நீங்க போற சைட்கிட்ட இருந்து இல்ல. இதுக்காகவே 2020ல அமெரிக்காவுல கூகுள் மேல கேஸ் போட்டாங்க, 2024ல சமரசம் ஆகி, சேத்து வெச்ச கோடிக்கணக்கான பதிவுகள அழிக்கிறோம்னு கூகுள் ஒத்துக்கிச்சு. இப்ப இன்காக்னிட்டோ திறந்தா வர்ற அறிவிப்ப ஒரு தடவ பொறுமையா படிங்க, அவங்களே சொல்லிருக்காங்க.

அடுத்தது, ஹிஸ்டரிய மட்டும் அழிச்சுட்டு நிம்மதியா தூங்குறது. ஒரு தெருவுல பத்து கடை, பத்துலயும் ஒரே ஆளு நோட்டும் கையுமா உக்காந்திருக்கான்னு வெச்சுக்கங்க. நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் "நம்ம 4718 வந்தாச்சு"ன்னு எழுதிக்குவான். தேர்ட் பார்ட்டி குக்கீ, அதாவது நீங்க போற சைட் இல்லாம வேற விளம்பரக் கம்பெனி உங்க பிரவுசர்ல போட்டு வெக்கிற அடையாளச் சீட்டு, பண்றது அதான், உங்க பேரு அவனுக்குத் தேவையே இல்ல, நம்பர் போதும். ஹிஸ்டரிய அழிச்சா உங்க டைரியத்தான் கிழிக்கிறீங்க, அவன் நோட்டு அப்படியேதான் இருக்கு. குக்கீயையும் சேத்து அழிச்சாத்தான் அந்த நம்பர் போகும், அதுவும் எங்கயாவது லாகின் பண்ணிட்டீங்கன்னா மறுபடி கோத்துருவான்.

பிரவுசர்காரன் பாத்துப்பான்னு விடுறதும் தப்புதான். சஃபாரி 2020லயே இந்தக் குக்கீய மொத்தமா தடுத்துருச்சு, ஃபயர்பாக்ஸ் 2022ல ஒரு சைட் குக்கீய இன்னொரு சைட்ல பாக்க முடியாதபடி ஒவ்வொரு சைட்டுக்கும் தனித்தனி டப்பா போட்டுருச்சு. குரோம்? ரெண்டு வருசத்துல எடுத்துடறோம்னு 2020ல சொன்னாங்க, தள்ளிப் போட்டாங்க, திரும்பத் தள்ளிப் போட்டாங்க, 2024ல எடுக்கலன்னு சொல்லிட்டாங்க. விளம்பரத்துல சம்பாதிக்கிற கம்பெனியே பிரவுசரும் செஞ்சா வேற என்ன நடக்கும்! அதனால நாமளே குரோம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய், தேர்ட் பார்ட்டி குக்கீஸ்ல பிளாக் குடுக்கணும். சில சைட் மக்கர் பண்ணும், அதுக்கு மட்டும் அனுமதி குடுத்துக்கலாம்.

அதுக்காக ஃபயர்பாக்ஸ் சாமின்னும் கும்பிட்டுற வேணாம். 2024 ஜூலைல வந்த 128வது வெர்ஷன்ல, விளம்பரம் வேலை செஞ்சுதான்னு ஆளக் காட்டாம அளக்குற ஒரு வசதிய சோதனைன்னு சொல்லி, நம்மளக் கேக்காமலே டிக் போட்டு வெச்சிருந்தாங்க. நல்ல நோக்கம்தான்னு வாதாடுனாங்க, இருக்கட்டும், ஆனா கேட்டுட்டுல்ல செய்யணும்? வியன்னாவுல இருக்குற noyb-ங்கிற தனியுரிமை அமைப்பு அதுக்குப் புகாரே குடுத்துச்சு. அப்டேட் வந்தா செட்டிங்ஸ ஒரு எட்டு பாக்குறது நல்லது.

பிரவுசர்ல இருக்குற டூ நாட் டிராக் பட்டன நம்பி இருக்காதீங்க, அது சைட்கிட்ட "என்னப் பின்தொடராதே"ன்னு சொல்ற வெறும் வேண்டுகோள், நெறைய சைட் மதிக்கலன்னு ஃபயர்பாக்ஸே 2025ல தூக்கிருச்சு.

எல்லாத்தையும் விட மோசமானது, பாதுகாப்புக்குன்னு கண்ட ஃப்ரீ எக்ஸ்டென்ஷனயும் (பிரவுசர்ல கூடுதலா சேக்குற குட்டி புரோகிராம்) போடுறது. "எல்லா சைட்லயும் உள்ள உங்க டேட்டாவப் படிக்கும், மாத்தும்"னு கேக்கும், நாம படிக்காமலே ஓகே குடுப்போம். அவாஸ்ட் ஆன்டிவைரஸும் அதோட எக்ஸ்டென்ஷனும் ஞாபகம் இருக்கா? டிராக்கிங்க தடுக்கிறோம்னு சொல்லிட்டு, ஜம்ப்ஷாட்ங்கிற அவங்க கம்பெனி வழியா நம்ம பிரவுசிங் விவரத்தயே வித்தாங்க, 2024ல அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வெச்சுச்சு. திருடனுக்கு பயந்து வீட்டுச் சாவிய அடுத்த திருடன்கிட்டயே குடுத்த கதை.

இவ்ளோ பண்ணாலும் போன்ல இருக்குற ஆப்புக்கெல்லாம் இது எதுவும் பொருந்தாது, அதுக்கு ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல ஆட்ஸ்னு தேடி அட்வர்டைசிங் ஐடிய, அதாவது விளம்பரத்துக்காக உங்க போனுக்குக் குடுத்திருக்குற நம்பர, டெலீட் பண்ணணும். நான் நேத்துதான் பண்ணேன்.