இணையத்தில் சட்ட ஆய்வு: தீர்ப்பைக் கண்டெடுப்பதும் அது இன்றும் செல்லுமா என்று அறிவதும்

கோப்பை நீட்டி, “இதற்குச் சாதகமாக ஏதாவது தீர்ப்பு இருக்கிறதா, பார்” என்று மூத்த வழக்கறிஞர் சொன்னவுடன், சட்ட மாணவர்களும் வழக்கறிஞர் அலுவலகங்களில் பணியாற்றும் சட்ட உதவியாளர்களும் பெரும்பாலும் தேடுபொறியைத் திறந்து நான்கு சொற்களைத் தட்டுகிறார்கள். ஏதாவது ஒன்று கிடைத்தும் விடுகிறது. கிடைத்தது எந்த நீதிமன்றத்தின் சொல், யார் வெளியிட்ட பாடம் (அதாவது உரைவடிவம்), இன்றைக்கும் செல்லுபடியாகிறதா என்ற கேள்விகள் அதன் பிறகுதான் தொடங்குகின்றன. சட்ட உரைகளும் தீர்ப்புகளும் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கும் காலம் இது; ஆகவே ஆய்வாளரின் உழைப்பில் பெரும்பகுதி இப்போது தேடுவதை விடச் சரிபார்ப்பதிலேயே செலவாக வேண்டும்.

எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன்பு, எந்த நாட்டின் எந்த நீதிமன்றத்துக்காகத் தேடுகிறோம், வழக்குக்குக் காரணமான நிகழ்வு எந்தத் தேதியில் நடந்தது, விடை காண வேண்டிய சட்டக் கேள்வி என்ன ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றுள் தேதியைத்தான் பலரும் மறக்கிறார்கள். இந்தியாவில் 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று வந்தது; கொலைக்கான தண்டனையைச் சொல்லும் பிரிவு 302 இப்போது பிரிவு 103 ஆகியிருக்கிறது. அந்த நாளுக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், அடுத்தடுத்த இரு கோப்புகளுக்கு வெவ்வேறு சட்டங்களைத் தேட வேண்டிய நிலை வரலாம். புதிய பிரிவு எண்ணை மட்டும் இட்டுத் தேடுபவருக்குப் பல பத்தாண்டுகளின் தீர்ப்புகள் கண்ணில் படாமலே போகும்.

அறியாத துறையில் இறங்கும்போது நேராகத் தீர்ப்புகளுக்குள் குதிப்பது வீண். முதலில் அத்துறையை விளக்கும் ஒரு நூலையோ கட்டுரையையோ படித்தால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த முன்னோடித் தீர்ப்பு என்ற மூன்றும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிற நாட்டுச் சட்டமாக இருந்தால், நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் குளோபலெக்ஸ் தளத்தில் நாடுவாரியான ஆய்வு வழிகாட்டிகள் உள்ளன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் இணையச் சட்ட வழிகாட்டி ஒன்றைப் பராமரிக்கிறது. கட்டுரைகளுக்கு எஸ்எஸ்ஆர்என் களஞ்சியமும் திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயும் உதவும். ஆனால் எஸ்எஸ்ஆர்என்னில் இருப்பவற்றுள் பல, இதழாசிரியர்களின் மதிப்பீட்டுக்கு உட்படாத முன்வரைவுகள் என்பதை மறக்கக் கூடாது. இத்தகைய எழுத்துகள் வழிகாட்டிப் பலகைகளே. மனுவில் மேற்கோளாகச் செல்ல வேண்டியது அவை சுட்டும் சட்டமும் தீர்ப்பும்தான்.

சட்டத்தின் பாடம்

சட்டப் பிரிவை எந்நாளும் அரசின் தளத்திலிருந்து எடுப்பதே நலம். இந்தியாவின் மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு இந்தியா கோட், ஐக்கிய அமெரிக்காவுக்கு அரசு அச்சகத்தின் கவ்இன்ஃபோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24 மொழிகளில் இயங்கும் யூர்லெக்ஸ், பிரிட்டனுக்கு லெஜிஸ்லேஷன்.கவ்.யுகே என்று பெரும்பாலான நாடுகளில் ஒரு முகவரி உண்டு. அரசின் தளம் என்பதாலேயே திருத்தங்கள் அனைத்தும் அதில் ஏறியிருக்கும் என்று நம்பிவிடலாகாது. பிரிட்டனின் தளம் இதில் நேர்மையானது: சட்டம் இயற்றப்பட்டபோது இருந்த வடிவத்தையும் திருத்தப்பட்ட வடிவத்தையும் தனித்தனியாகக் காட்டுவதோடு, இன்னும் பாடத்தில் சேர்க்கப்படாத மாற்றங்கள் நிலுவையில் இருந்தால் அதையும் எச்சரிக்கையாக மேலே போட்டுவிடுகிறது. யூர்லெக்ஸில் திருத்தங்களை ஒன்றிணைத்துத் தரும் பாடம் படிப்பதற்கு வசதியானதே ஒழிய, சட்ட வலு உள்ளது அதிகாரபூர்வ இதழில் வெளியான பாடம் மட்டுமே. ஆகவே பிரிவைப் படித்த கையோடு அதன் அடிக்குறிப்புகளையும், திருத்தச் சட்டங்களையும், அது நடைமுறைக்கு வந்த தேதியையும் பார்ப்பது கட்டாயம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய பின்னும் அறிவிக்கை வெளிவராததால் நடைமுறைக்கு வராமலே கிடக்கும் பிரிவுகள் பல நாடுகளில் உண்டு.

தீர்ப்புகள் கிடைக்கும் இடங்கள்

சட்டம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1992-இல் தொடங்கிய சட்டத் தகவல் நிறுவனம். அதன் வழியில் ஆஸ்திரேலியாவில் 1995-இல் ஆஸ்ட்எல்ஐஐ தோன்றியது. பின்னர் பிரிட்டன், அயர்லாந்துக்கு பெய்லியும் கனடாவுக்குக் கேன்எல்ஐஐயும் வந்தன. பல நாட்டுத் தீர்ப்புகளை ஒரே இடத்தில் தேட வேர்ல்டுஎல்ஐஐ, காமன்வெல்த் நாடுகளுக்கு மட்டும் காமன்எல்ஐஐ ஆகியவை இருக்கின்றன. அமெரிக்கத் தீர்ப்புகளுக்குக் கூகுள் ஸ்காலரும், ஃப்ரீ லா புராஜெக்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் கோர்ட்லிஸனரும் போதும். ஹார்வர்டு சட்ட நூலகம் ஏறத்தாழ 4 கோடிப் பக்கங்களை ஒளிவருடி உருவாக்கிய தீர்ப்புத் தொகுப்பின் மீதிருந்த கட்டுப்பாடுகளும் 2024-இல் நீங்கிவிட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஹியூடாக் தளம். பன்னாட்டு உடன்படிக்கைகளுக்கு ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கைத் தொகுப்பு. இந்தக் கடைசித் தளத்தில் உடன்படிக்கையின் பாடத்தை விட, எந்த நாடு எப்போது ஏற்றது, எந்தப் பிரிவுக்கு விலக்கு கோரியது என்ற பட்டியலே பெரும்பாலும் நமக்குத் தேவைப்படும்.

இந்தியத் தீர்ப்புகளுக்கு 2008-இலிருந்து இயங்கும் இந்தியன் கானூனை அறியாத சட்ட மாணவர் இல்லை. உச்ச நீதிமன்றமும் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டை 2023 ஜனவரியில் இலவசமாகத் திறந்தது. அதன் தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவும் கிடைக்கின்றன. பொருள் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பு நல்ல துணை. மேற்கோளாக எடுத்துக் காட்டுவதற்கோ ஆங்கில மூலமே ஏற்புடையது.

தேடும் முறை

தீர்ப்புக்குள் நீதிபதி எழுதியிருக்கக்கூடிய சொற்களைக் கொண்டு தேட வேண்டும். கட்சிக்காரர் நம்மிடம் சொன்ன சொற்கள் அதற்குப் பெரும்பாலும் பயன்படா. பிரிவின் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் அப்படியே இட்டு, அதனுடன் வழக்கின் தனித்த உண்மை ஒன்றைச் சேர்த்தால் முடிவுகள் ஆயிரத்திலிருந்து இருபதாகக் குறையும். தளத்துக்குத் தளம் கட்டளைகள் மாறும் என்பதால் ஒவ்வொன்றிலும் உள்ள தேடல் உதவிப் பக்கத்தை ஒரு முறையாவது படித்துவிடுவது நல்லது: இந்தியன் கானூனில் ‘ஆண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ ஆகிய இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில், கடைசி எழுத்தை இரட்டித்து (ANDD, ORR, NOTT) எழுதினால்தான் அவை கட்டளையாக வேலை செய்யும். இதை அறியாமல் பல மாதங்கள் தேடியவர்களுள் நானும் ஒருவன்.

சைட்டேஷன் எனப்படும் மேற்கோள் குறியீடு கையில் இருந்தால் வேலை எளிது. ஆனால் ஒரே தீர்ப்புக்குப் பல குறியீடுகள் இருக்கும். கேசவானந்த பாரதி வழக்கு ‘ஏஐஆர் 1973 எஸ்சி 1461’ என்றும் ‘(1973) 4 எஸ்சிசி 225’ என்றும் வழங்கும். இவை இரண்டும் வெவ்வேறு பதிப்பகத் திரட்டுகளின் பக்க எண்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே நீதிமன்றங்கள் தாமே ஆண்டு, நீதிமன்றக் குறி, வரிசை எண் என்ற வடிவில் நடுநிலைக் குறியீடு வழங்கத் தொடங்கின. இங்கிலாந்து 2001-இலும் இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இலும் இதற்கு மாறின. ஒரு குறியீட்டில் கிடைக்காத தீர்ப்பை இல்லாத தீர்ப்பென்று முடிவு கட்டாமல், கட்சிக்காரர் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் மாற்றித் தேடிப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு உயிரோடு இருக்கிறதா

இந்தப் படியைத் தவிர்ப்பவர் ஆய்வே செய்யவில்லை என்பது என் கருத்து. தடுப்புக் காவலில் உள்ளவர் அவசரநிலைக் காலத்தில் தன் விடுதலைக்காக நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976-இல் சொன்ன ஏடிஎம் ஜபல்பூர் தீர்ப்பை எந்தத் தளத்திலும் இன்றும் முழுமையாகப் படிக்கலாம். அதன் எந்த வரியிலும், 2017-இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று ஒதுக்கிவிட்டது என்ற செய்தி இராது. கருக்கலைப்பு உரிமையை ஏற்ற 1973-ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பின் பாடமும் அப்படித்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-இல் டாப்ஸ் வழக்கில் அதை நீக்கியது.

கட்டணத் தளங்களில் தீர்ப்பின் பக்கத்தில் நிறக்கொடிகள் இதை எச்சரிக்கின்றன. ஒரு தீர்ப்பைப் பின்னர் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும், 1873-இல் ஷெப்பர்டு என்பவர் தொடங்கிய மேற்கோள் பட்டியல் இன்று லெக்ஸிஸ் தளத்திலும், அதற்கு நிகரான கீசைட் வெஸ்ட்லா தளத்திலும் உள்ளன. இந்த வசதி இல்லாதவர்கள், தீர்ப்பை மேற்கோள் காட்டிய பிற்காலத் தீர்ப்புகளின் பட்டியலைக் கூகுள் ஸ்காலரிலோ இந்தியன் கானூனிலோ திறந்து, அண்மைத் தேதியிலிருந்து பின்னோக்கிப் படித்து வர வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால், மேல்முறையீடு சென்றதா, தடையாணை உண்டா என்று நீதிமன்றத்தின் வழக்கு நிலைப் பக்கத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். சிவப்புக் கொடி கண்டவுடன் தீர்ப்பைத் தூக்கி எறிவதும் தவறு: மேல் நீதிமன்றம் மாற்றியது வேறொரு கேள்வியைப் பற்றியதாக இருந்தால், நமக்கு வேண்டிய பகுதி பழுதின்றி நிற்கலாம். அதைப் படித்தால்தான் தெரியும்.

தலைக்குறிப்பை நகலெடுப்பதும் இதே வகைப் பிழை. அது திரட்டின் ஆசிரியர் எழுதிய சுருக்கம். தீர்ப்பின் பகுதி அன்று. மேற்கோள் எடுக்கும் பத்தி பெரும்பான்மை நீதிபதிகளுடையதா, மாறுபட்ட நீதிபதியுடையதா, அல்லது வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதி எடுத்துச் சொன்ன இடமா என்பதையும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கம் படித்து உறுதி செய்ய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் எந்தச் சொற்களைத் தேடலாம் என்று கேட்பதற்குப் பயன்படும். தீர்ப்பின் பெயரை அவற்றிடமிருந்து அப்படியே வாங்கக் கூடாது. நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் சாட்ஜிபிடி புனைந்த, எங்கும் இல்லாத தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

கட்டணத் தளங்களான வெஸ்ட்லா, லெக்ஸிஸ், ஹெயின்ஆன்லைன், எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா முதலியவற்றுக்குச் சொந்தச் செலவில் சந்தா கட்டுவதற்கு முன்பு, கல்லூரி நூலகத்திலோ வழக்கறிஞர் சங்க நூலகத்திலோ அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். நூலகரிடம் அரை மணி நேரம் பேசினால் அரை நாள் தேடல் மிச்சமாகும். கல்லூரி வழியாகப் பெற்ற கணக்கைப் பயிற்சி பெறும் அலுவலகத்தின் வழக்குக்குப் பயன்படுத்துவதை உரிம விதிகள் தடுக்கக்கூடும்; அதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

தேடும்போதே ஒரு பதிவேடு திறந்துகொள்ளுங்கள். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களை இட்டுத் தேடினீர்கள், எதைப் பார்த்து ஏன் ஒதுக்கினீர்கள் என்பதை ஒவ்வொரு வரியாக எழுதிவைக்க வேண்டும். பயன்படுத்தப் போகும் தீர்ப்பை இணைப்பாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், நீதிமன்றத் தளத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாக இறக்கி, வழக்கின் பெயரும் பத்தி எண்ணும் கோப்பின் பெயரிலேயே தெரியும்படி சேமியுங்கள். வாத நாளுக்கு முந்தைய மாலை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு தீர்ப்பையும் மேற்கோள் பட்டியலில் மறுபடியும் ஒரு முறை பார்த்து, அந்தத் தேதியையும் பதிவேட்டில் குறித்த பின்பே கோப்பை மூத்தவரிடம் கொடுக்க வேண்டும்.