சாம்ப்ளரில் கீச்சிட்ட இரைச்சல் போன கதை

போனிலிருந்து கையடக்கச் சாம்ப்ளருக்கு (ஒலித் துண்டுகளைப் பதிந்து, தட்டி வாசிக்கும் கருவி) எதைப் பதிவு செய்தாலும், டிரம் அடிகளுக்கு நடுவே மெல்லிய "ஙீ" என்ற இரைச்சல். கேபிளை மாற்றினேன், கெய்னை (உள்ளே வரும் ஒலியின் அளவை) குறைத்தேன், ஃபாக்டரி ரீசெட்கூடச் செய்தேன். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: சாம்ப்ளரின் பேடில் (தட்டும் பட்டனில்) விளக்கு எரியும்போதெல்லாம் இரைச்சலின் சுருதி மாறியது. ஆடியோ கேபிளைப் போன் பக்கம் மட்டும் பிடுங்கினால் சத்தமே இல்லை. போனும் சாம்ப்ளரும் ஒரே பவர் பேங்கில் இருந்தன; யூஎஸ்பி கேபிள்களின் கிரவுண்டும் (மின்னோட்டம் திரும்பும் கம்பி) ஆடியோ கேபிளின் கிரவுண்டும் சேர்ந்து வளையமாகி, அதன் வழியே இரைச்சல் ஆடியோவில் கலந்துவிட்டது. போனின் சார்ஜ் கேபிளைக் கழற்றினேன், அந்த நொடியே நின்றது. அப்பாடா!

சார்ஜ் ஏறியே தீரவேண்டுமென்றால் ஆடியோ கேபிளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இந்த வளையத்தைத் துண்டிக்கும் சின்னக் கருவி) போடலாம். மலிவானவற்றில் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பேஸை (தாழ்ந்த சுருதி ஒலியை) கொஞ்சம் மெலிய வைக்கும். கிக் (பெரிய டிரம்மின் ஆழமான அடி) சாம்பிளுக்கு நான் அதைப் போடமாட்டேன்.